மூன்று பிரஷ்களும் பாதி முகமும்

தம்பி,

நீ அனுப்பிய மூன்று ஷேவிங் பிரஷ்களும் வந்து சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மெல்பேர்னிலிருந்து போன் எடுத்து, "எது நல்லாயிருக்குப்பா?" என்று கேட்கிறாய். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்கிறேன். அங்கே குளிர் என்கிறாய். இங்கே மழை என்கிறேன். பிறகு வைத்துவிடுகிறோம். உன் அம்மா போன இந்தப் பதினொரு மாதத்தில் நாம் இருவரும் பேசியது இவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறொன்று கேட்டாய். அடுத்த மாதம் தேய்பிறையில் வருகிற அவளுடைய ஆண்டுத் திவசத்தைப் பற்றி. "கையில ஒரு வேல இருக்குப்பா, பாதியில விட ஏலாது. முடிச்சிட்டு வாறேன். திவசத்துக்கு ஒரு கெழம, ஏழு நாள் பிந்தும். பரவாயில்லையா?" என்றாய். "ஒன் விருப்பம்" என்றேன். அது பதில் அல்ல என்று உனக்கும் தெரியும். போனில் எனக்குப் பேச வராது. எழுதினால் வரும். ஆகையால் எழுதுகிறேன். முதலில் பிரஷைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நீ முதலில் கேட்டது அதைத்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடையில் முப்பத்தொரு வருடம் நின்றேன். ஆங்கிலத்தைப் பெயின்ட் டின்களில் ஒட்டியிருந்த லேபல்களிலிருந்து எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. பிரஷைப் பற்றியும் யாரும் சொல்லித் தரவில்லை. பன்றி மயிர் எது, நைலோன் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உள்ளங்கையில் பிரஷைக் குத்தி வளைத்துவிட்டு எடுக்க வேண்டும். அது நிமிர்கிற விதத்தில் எல்லாம் தெரிந்துவிடும். மயிர் யோசித்து நிமிரும். நைலோன் யோசிக்காது. வாங்க வருகிறவர்கள் எப்போதும் கைப்பிடியைத்தான் பார்ப்பார்கள். நீயும் கைப்பிடியைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய் என்பது பெட்டியைத் திறந்ததுமே தெரிந்தது. கோபத்தில் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் இலக்கம் என்று நீ கடதாசி ஒட்டி அனுப்பிய வெள்ளைப் பிரஷ் சரியில்லை. விறைப்பு அதிகம். கன்னத்தில் வைத்து அழுத்தினால் திருப்பி அடிக்கிறது. நுரை முகத்தில் நிற்பதைவிடக் கண்ணாடியில் அதிகம் நிற்கிறது. இரண்டு காலை அதைப் பாவித்தேன், இரண்டு காலையும் கண்ணாடியைத் துடைத்தேன். சுண்ணாம்பு அடிக்க நல்லது. மூன்றாம் இலக்கம், அந்த நீல அலுமினியக் கைப்பிடிக்குள் குஞ்சத்தைத் திருப்பி வைத்து மூடுகிறது, பிரயாணத்துக்கென்று செய்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான சாமான். ஆனால் குஞ்சம் சிறியது, நுரையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது, பிழிந்தால்தான் தருகிறது. அதோடு நான் எங்கே பிரயாணம் போகப் போகிறேன். அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ. பிரயாணம் செய்கிறவன் நீ.

முதலாம் இலக்கம் நல்ல பிரஷ். இதைச் சொல்ல எனக்கு மனமில்லாமல் இருந்தது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். செயற்கை இழைக்கு ஏதோ மிருகத்தின் மயிர் மாதிரி அடியில் கபிலமும் நடுவில் கறுப்புமாகச் சாயம் போட்டு ஏமாற்றப் பார்க்கிறார்கள், அந்தப் பொய் தேவையில்லை. பொய்யைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் சாமான் திறம். நுனி மெத்தென்று இருக்கிறது, அடியில் போதுமான பிடிப்பு இருக்கிறது. ஊறப் போட வேண்டியதில்லை. குழாயில் நனைத்து இரண்டு தரம் உதறினால் போதும். உதறாமல் சோப்பில் வைத்தால் தண்ணீரெல்லாம் முழங்கை வழியாக ஓடும், இந்த இழை தண்ணீரைக் குடிக்காது, சுமந்துகொண்டு மட்டும் வரும். சோப்பைச் சும்மா சுற்றினாலே நுரை எழும்புகிறது. ஒரு மாதமாக ஓர் இழைகூட உதிரவில்லை. மணம் இல்லை. காலையில் தொங்கவிட்டால் பத்து மணிக்குக் காய்ந்துவிடுகிறது, இந்த மழையிலும். முதல் நாள் எப்படி இருந்ததோ இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, இன்னும் பத்து வருடம் கழித்தும் அப்படியேதான் இருக்கும். என்னுடைய பழைய பிரஷ் அப்படியல்ல. கல்யாணமான புதிதில் கண்டி நகரில் வாங்கிய பன்றி மயிர்ப் பிரஷ் அது. முதல் ஆறு மாதம் முகத்தைக் கீறியது. நுனி பிளந்து பிளந்து இளகி வர இரண்டு வருடம் எடுத்தது. பாவிக்க முன் கோப்பையில் சுடுதண்ணீர் ஊற்றி ஊறப் போட வேண்டும். அதை நான் ஒரு நாளும் செய்ததில்லை. நான் எழும்ப முன்னமே உன் அம்மா செய்து வைத்திருப்பாள். "ஊறிக்கிட்டிருக்கு" என்று குசினியிலிருந்து ஒரு குரல் வரும். அவ்வளவுதான் எங்களுக்குள் காலை வணக்கம்.

உனக்கு மீசை முளைத்த காலத்தில் அந்தப் பிரஷைக் கொடுத்து உட்கார வைத்தேன். உனக்குப் பொறுமை இல்லை. டின்னை அமுக்கினால் நுரை வருகிற சாமானை வாங்கி வந்து, "இது ரெண்டு நிமிசம்ப்பா" என்றாய். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. இப்போது நாற்பதை நெருங்குகிற வயதில், எவனோ ஒருத்தன் வீடியோவில் பிரஷும் சோப்பும்தான் நல்லது என்று சொன்னதும் கேட்டுக்கொண்டாய். அதே விசயத்தை அப்பன் சொன்னால் ஏறாது. போகட்டும். திகனையில் துணிக்கடை போட்டுச் சாரம் விற்கிற ஃபாரூக் நானாவை உனக்கு ஞாபகம் இருக்கும், கடையில் என்னோடு பெயின்ட் பகுதியில் நின்றவர். அவர் போன கிழமை என்னைப் பார்க்க வந்தார். மூன்று பிரஷையும் மேசையில் வைத்து விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, நெஞ்சுவரை இருக்கிற தாடியைத் தடவிக்கொண்டு, "எனக்கிட்ட என்னத்துக்கு மச்சான் காட்டுற? இதக் கொண்டு நான் முகத்துக்குப் பெயின்டா அடிக்கிற?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்து வைத்துவிட்டு, "மகன்ட்ட சொல்லிட்டீங்களா எது நல்லம் எண்டு?" என்று கேட்டார். "இன்னும் இல்ல." "ஒரு மாசமா பிரஷ் பாக்குற ஆள நான் இப்பத்தான் பாக்குறன்." எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, "புள்ளைக்குப் பதில் சொல்லுங்க" என்றார். பிரஷைச் சொன்னாரா வேறெதையும் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

எனக்கு உன் மேல் குறை இருக்கிறது. அதை மறைத்து எழுத மாட்டேன். உன் அம்மாவின் கருமாதிக்கு நீ இருக்கவில்லை. எட்டாம் நாள் விமானம் ஏறினாய். பதினாறாம் நாள் மகாவலிக் கரையில் நீ உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்தேன். சவரம் செய்ய வந்த சண்முகம் என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, எந்தப் பக்கத்துல இருந்து எடுக்க?" என்று கேட்டான். சுற்றியிருந்தவர்களில் ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த நேரத்தில் நீ இருந்திருந்தால் அவன் பொத்தியிருக்க மாட்டான், சிரித்தேயிருக்க மாட்டான். ஆனால் நீ ஏன் போனாய் என்பதும் எனக்குத் தெரியும். நான்தான் போகச் சொன்னேன்.

அது ஐந்தாம் நாள். வந்த சனத்துக்கெல்லாம் என் முகம்தான் காட்சி. வலது கன்னத்தில் நாலு நாள் முள், இடது கன்னத்தில் மூன்று மாதத் தாடி. நீ வந்து இறங்கிய நாளே கேட்டாய், "என்னப்பா இது?" "பிளேடு சரியில்ல, பாதியில விட்டுட்டேன்" என்றேன். சாவு விழுந்த வீட்டில் பதினாறு நாள் ஆண்கள் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது, அதனால் மற்றப் பாதி அப்படியே நிற்கிறது என்று எல்லாருக்கும் சொன்னேன். ஐயர்கூட, "பாதி எடுத்தது எடுத்ததுதானே, மீதிய எடுக்கிறதுல குத்தமில்லீங்க" என்றார். குற்றம் இருக்கிறது என்று அவருக்கே சாஸ்திரம் சொன்னேன். ஐந்தாம் நாள் காலை நீ என் பழைய பிரஷையும் ரேசரையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாய். கோப்பையில் சுடுதண்ணீரும் ஊற்றியிருந்தாய். "ஆளுங்க பாத்துச் சிரிக்கிறாங்கப்பா. நானே எடுத்துவிடுறேன். சும்மா முடிச்சிடுவோம்" என்றாய். நான் தட்டைத் தட்டிவிட்டேன். சுடுதண்ணீர் உன் காலில் பட்டது. "அப்பன்னு ஒருத்தன் இருக்கான்னு நெனச்சு இனி இங்க வராத" என்று சொன்னேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நீ குனிந்து கோப்பையை எடுத்தாய். அதன் காது உடைந்திருந்தது. உடைந்த காதையும் பொறுக்கி எடுத்துப் பொக்கற்றில் போட்டுக்கொண்டாய். அதை ஏன் எடுத்தாய் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் சாஸ்திரத்துக்காகக் கோபித்தேன் என்று நீ நினைத்தாய். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். நடந்தது வேறு. அதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை, ஃபாரூக் நானாவுக்கும் சொல்லவில்லை.

உன் அம்மாவின் காலில் சீனி வியாதியால் வந்த புண் ஆறும்வரை தாடி எடுப்பதில்லை என்று நேர்ந்துகொண்டேன் அல்லவா, அதுதான் அந்த மூன்று மாதத் தாடி. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் புண்ணின் கட்டை அவிழ்த்துவிட்டு, இனிக் கட்டத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போதே அவள், "நாளைக்காவது அந்தத் தாடிய எடுங்க. சாமியாரோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு" என்றாள். சனிக்கிழமை காலை மூன்று மாதம் கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டுவிட்டு, கதிரையை எடுத்துப் பின் வாசலில் போட்டு, கண்ணாடியை ஆணியில் மாட்டி உட்கார்ந்தேன். பிரஷ் ஊறிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் காய்ந்து கிடந்த பிரஷ், குச்சி மாதிரி இருந்தது, இளக நேரமெடுத்தது. நானும் அவசரப்படவில்லை. வலது பக்கத்துத் தாடியைக் கத்தரிக்கோலால் வெட்டி, நுரை போட்டு, வழித்து, மறுபடி நுரை போட்டு, எதிர்ப்பக்கமாக வழித்து, தடவிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஏதோ ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன். அப்போது அவள் குசினியிலிருந்து கூப்பிட்டாள். "இங்க கொஞ்சம் வாங்களேன்." சாதாரணமான குரல். உப்புப் போத்தல் மூடியைத் திறக்கக் கூப்பிடுவாளே, அந்தக் குரல். "பாதியில இருக்கேன்" என்றேன். கொஞ்சம் பொறுத்து அவள் சொன்னாள், "சரி, முடிச்சிட்டே வாங்க."

நான் முடிக்கப் பார்த்தேன், தம்பி. தொட்ட வேலையை முடிக்காமல் எழும்பாத ஆள் நான். உனக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். வெட்டாமலே இடது பக்கத்துக்கு நுரை போடத் தொடங்கினேன். தாடியில் நுரை நிற்கவில்லை, மறுபடி சோப்பில் சுற்றினேன். கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டது. அதை இறக்குகிற சத்தம் கேட்கவில்லை. அதையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பிறகுதான் எழும்பிப் போனேன். குசினிக் கதவோரம் இருக்கிற குட்டி மர வாங்கில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். கேத்தலில் தண்ணீர் வற்றியிருந்தது. நான் முதலில் அடுப்பை அணைத்தேன். ஏன் அதை முதலில் செய்தேன் என்று தெரியவில்லை. நான் கூப்பிட, பக்கத்து வீட்டு நந்தா ஓடி வந்து, அவளைப் பார்த்து, என்னைப் பார்த்து, தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து நீட்டி என் முகத்தைக் காட்டினாள். அப்போதுதான் நுரை இருக்கிறது என்று தெரிந்தது. துடைத்தேன். அழவில்லை. இதுவரையும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படியே இருக்கிறது. கத்தி பட்டாலும் தெரிவதில்லை. இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வெட்டியது தெரிகிறது.

ஆகவே ஐந்தாம் நாள் நீ வந்து "முடிச்சிடுவோம்" என்றபோது, அதை எனக்குச் சொல்ல உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது, அவளும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உனக்கு அது தெரியாது. தெரியாத பிள்ளையின் காலில் சுடுதண்ணீரைக் கொட்டினேன். சாஸ்திரத்தைப் பற்றி நான் சொன்னது சரிதான், அதை மாற்ற மாட்டேன். தட்டைத் தட்டிவிட்டது பிழை. வராதே என்றது அதைவிடப் பிழை.

பிரஷைப் பற்றிப் பதில் சொல்ல ஒரு மாதம் எடுத்ததற்கும் காரணம் இதுதான். முதலாம் இலக்கத்தை முதல் நாள் பாவித்தபோதே தெரிந்துவிட்டது. அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கேத்தல் முணுமுணுக்கத் தொடங்க முன் நுரை போட்டாகிவிட்டது. அடுத்த நாள் பழைய பிரஷை எடுத்து, ஊறப் போட்டு, அதே மாதிரிச் செய்து பார்த்தேன். கேத்தல் கொதித்து மூடி ஆடும்போதும் நான் இன்னும் சோப்பைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. அன்று இந்தச் செயற்கைப் பிரஷ் இருந்திருந்தால், அவள் கூப்பிட்டபோது நான் முகம் கழுவிக்கொண்டிருந்திருப்பேன். மூன்று கிழமை இதையே மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். ஒரு நாள் பழையது, ஒரு நாள் புதியது. பன்றி மயிரின் மேல் பழியைப் போட்டுவிட்டால் நல்லது என்று இருந்தது. கடைசியில் கடைக்காரன் புத்திதான் ஜெயித்தது. வாங்கிப் போன பிரஷ் சரியில்லை என்று எத்தனை பேர் திருப்பிக்கொண்டு வந்திருப்பார்கள். அநேகமாகப் பிரஷில் பிழை இருக்காது. அன்றைக்கு என்னிடம் முதலாம் இலக்கம் இருந்திருந்தாலும் நான் "பாதியில இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பேன். பழக்கம் அது.

நீ மெல்பேர்னுக்குப் போன நாளும் அப்படித்தான். கடையில் வருடக் கடைசி ஸ்டொக் எடுத்துக்கொண்டிருந்தேன். உன்னை எயார்போட்டுக்கு ஏற்றிப்போக வந்த வான் கடை வாசலில் நின்றது. "எடுத்து முடிச்சிட்டு வாறேன், பஸ்ஸப் புடிச்சு எயார்போட்டுக்கே வந்துருவேன்" என்றேன். அம்மா வானுக்குள்ளிருந்து, "ஒங்கப்பா முடிச்சிட்டுத்தான் வருவாரு, நீ ஏறு" என்றாளாம். நான் ஆணிப் பெட்டிகளை எண்ணி முடித்தபோது நீ மேலே பறந்துகொண்டிருந்தாய். அதற்காக நான் வருத்தப்பட்டதாக யாரிடமும் சொன்னதில்லை. கணக்கில் ஓர் ஆணியும் குறையவில்லை என்று முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன்.

தொட்ட வேலையை முடிக்காமல் எழும்பாதே என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். வீட்டுப் பாடம், தோட்ட வேலை, தட்டில் போட்ட சோறு, எல்லாவற்றுக்கும் ஒரே புத்திமதி. நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை "பாதியில விட ஏலாது, முடிச்சிட்டு வாறேன்" என்று நீ சொன்னபோதுதான், ஒன்றைக் கேட்டுவிட்டாய் என்று தெரிந்தது. மற்றப் புத்திமதிகளில் நான் இன்னும் நிற்கிறேன். ஷேவிங் நுரை டின்னில் வரக் கூடாது. கைப்பிடியைப் பார்த்துப் பிரஷ் வாங்கக் கூடாது. சாவு வீட்டில் பதினாறு நாள் கத்தி வைக்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தொரு வருடத்தில் விற்ற சாமானைத் திருப்பி எடுத்தது குறைவு.

முதலாம் இலக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். பழையதை எறியவில்லை, அந்தக் காதில்லாத கோப்பையில் நிற்கிறது. திவசத்துக்கு முந்தின நாள் காலையில் இரண்டு பேரும் முகம் வழிக்க வேண்டும், திவசத்தன்று வழிக்கக் கூடாது. எனக்கு இடது பக்கம் இப்போது கை ஒழுங்காகப் போவதில்லை, எப்படியும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை நீ பார்த்துக்கொள். கோப்பையின் காது உன்னிடம் இன்னும் இருந்தால் கொண்டு வா, ஒட்டிப் பார்க்கலாம்.

பரவாயில்லையா என்று கேட்டாய். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். இங்க கொஞ்சம் வா, தம்பி. முடிக்காமலே வா.

அப்பா